சந்தேகத்தின் பலனை வேண்டாம் என்றவர்

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக நகர்ந்துவிட முடியாது. "இருக்கும்னா? நம்புதீகளா, நம்பலியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டுப் போங்க" என்று வழிமறிப்பார். சொன்னவர் பாவம், ஒரு மரியாதைக்குச் சொல்லியிருப்பார். அக்காவுக்கு அந்த மரியாதைதான் ஆகாது.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அவர் அங்கே சீனியர். நெடுநெடுவென்று உயரம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, இழுத்துக் கட்டிய கொண்டை. நடந்து வந்தால் யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி வருவார். ஊரே அவரை டெலிபோன் அக்கா என்றுதான் கூப்பிட்டது. என்னைவிட எட்டுப் பத்து வயது மூப்பு இருக்கும். ஆனால் எனக்கு எதையும் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. அதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை கிடையாது.

இப்போதைய பிள்ளைகளுக்கு எங்கள் வேலையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எண்ணை அழுத்தினால் மெட்ராஸ் வராது. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு ட்ரங்க் கால் பதிய வேண்டும். நாங்கள் மதுரையைப் பிடிப்போம், மதுரை மெட்ராஸைப் பிடிக்கும். லைன் கிடைத்ததும் போர்டில் வயரைச் செருகி, இரண்டு பக்கமும் பேச்சு கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சுவிட்சைத் தள்ளி நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். விலகாமல் இருந்தால் முழுப் பேச்சையும் கேட்கலாம். பேசுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. கேட்கிற ஆபரேட்டர்களும் உண்டு, இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அது எங்கள் தொழிலின் அசிங்கம்.

அக்கா மட்டும் ஒவ்வொரு காலிலும், "பேசுங்க. நான் வெளிய போயிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைத் தள்ளுவார். அப்படிச் சொல்லச் சொல்லி எந்த விதியும் இல்லை. அவராக வைத்துக்கொண்டது. சாவுச் செய்தி, பிள்ளை பெற்ற செய்தி, பருத்தி விலை, குடும்பச் சண்டை, எதுவானாலும் இந்த இரண்டு வார்த்தை முடிந்த பிறகுதான் ஊர் வாயைத் திறக்கும்.

ஒருமுறை சிவகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல கூட்டம். அக்கா கையில் வைத்திருந்த டிக்கெட் ஜன்னல் காற்றில் பறந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் செக்கர் ஏறினார். எங்களிடம் வந்ததும் முகம் மலர்ந்து, "டெலிபோன் அக்காவா? இருக்கட்டும், பரவால்ல" என்று தாண்டிப் போனார். வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டிருப்பார்கள். அக்கா எழுந்து நின்றார்.

"எது பரவால்ல? நான் டிக்கெட் எடுத்தேனா இல்லையான்னு கண்டக்டர்ட்ட கேளுங்க."

கண்டக்டருக்கு அந்தக் கூட்டத்தில் என்ன ஞாபகம் இருக்கும்? "எடுத்திருப்பாக சார்" என்றார்.

"எடுத்திருப்பாகன்னு சொல்லாதீக. எடுத்தாகளா, இல்லையா?"

பஸ் நின்றுகொண்டே இருந்தது. பிள்ளைகள் அழுகின்றன, ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொள்கிறார். எனக்கு முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் கண்டக்டருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "ஆமா சார். சில்லறை இல்லன்னு சொன்னேன்னு என்னைய ஏசினாகள்ல, அது இவுகதான்." பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்காமல் உட்கார்ந்தார்.

"அவருதான் விட்டுட்டாரே அக்கா" என்று நான் முணுமுணுத்தேன்.

"விட்டுட்டாருட்டி. நம்பி விடல. பெரிய மனசு பண்ணி விட்டாரு. அவரு பெரிய மனசுக்காவ நான் ஏன் கள்ளியா உக்காந்து வரணும்?"

அன்றைக்கு எனக்கு அவர்மீது எரிச்சலாகத்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஒருவரோடு பஸ்ஸில் போவது சுகமான காரியமில்லை.

கல்யாணமும் அப்படித்தான் தட்டிப்போனது. தெற்கேயிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சர்ச்சில், தெருவில், ஆபீசில் எல்லாம் விசாரித்துவிட்டு, "விசாரிச்சதுல பெருசா ஒண்ணும் குறையில்ல, மேற்கொண்டு பேசலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அக்காவின் அப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார், சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டார். அக்கா, "பெருசா இல்லன்னா, சின்னதா என்ன இருக்காம்? அதைக் கேட்டுட்டு வாங்கப்பா" என்றார். அப்பா கேட்கவில்லை. அவர்களும் மறுபடி வரவில்லை.

அவர் மற்றவர்களை நம்புவதும் இதே மாதிரி முழுசாகத்தான். எங்கள் லைன்மேன் ஒருவர் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார். லீவுக் கணக்கு எழுதுகிற அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள், அவர் திருவிழாக் கூட்டத்தில் கையில் பஞ்சுமிட்டாயோடு நின்றார் என்று தெரிந்தது. "அண்ணாச்சி, இனிமே நீங்க என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். தெரிஞ்சுக்கிடுங்க" என்று சொன்னார். அவ்வளவுதான், கோபம் கூட இல்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த மனிதரின் அம்மா இறந்தபோது, அவர் வந்து அழுதுகொண்டு சொன்னதை அக்கா காதில் வாங்காமல், இன்னொருவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகுதான் லீவுக்குச் சரி என்றார். அது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அக்கா முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். "அவருக்கு நான் முன்னமே சொல்லிட்டேன்லா" என்றார்.

இப்படிப்பட்டவர் மீதுதான் அந்தப் புகார் வந்தது.

பஜாரில் ஒரு நவதானிய மண்டி முதலாளி இருந்தார். பெரிய கை. அவர் மகனுக்கு மெட்ராஸில் வேலை. மகனுக்குப் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் பெண் பார்த்து நிச்சயமும் முடிந்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவர் மகனுக்கு ட்ரங்க் கால் பதிந்தார். அக்காதான் இணைப்புக் கொடுத்தார். மறுநாளே பெண் வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் மெட்ராஸில் ஏற்கெனவே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான், அவளை விட்டுவிட்டு வரச் சொல்லி அப்பா போனில் சத்தம் போட்டிருக்கிறார் என்ற விஷயம் திருவேங்கடம் வரை போயிருந்தது.

விஷயம் உண்மை. அதை முதலாளி மறுக்கவே இல்லை. மகன் செய்தது அவருக்கு வெட்கமாகவும் இல்லை. எப்படி வெளியே போனது என்பதுதான் அவருக்கு ஆத்திரம். "போன்ல பேசினது எனக்குத் தெரியும், எம் மகனுக்குத் தெரியும். மூணாவதா கேட்டுக்கிட்டு இருந்தவ அந்த டெலிபோன்காரிதான்" என்று மேலே எழுதிப்போட்டார். அக்காவின் தங்கை திருவேங்கடத்தில் பள்ளிக்கூட டீச்சர். அது போதாதா? அக்காவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரிக்கத் திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆபீசர் வந்து பயணியர் விடுதியில் தங்கினார்.

எங்கள் எக்ஸ்சேஞ்சின் பின்னறையில்தான் விசாரணை. அக்கா சொன்னது ஒன்றே ஒன்று. "நான் கேக்கல சார். அவரு பேசுனா பஜாருக்கே கேக்கும். அங்கன நின்ன யாரு வேணும்னாலும் கேட்டிருக்கலாம்." இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ராஜபாளையத்துக்குப் பேசினால் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார்கள், மதுரைக்கு இன்னும் கொஞ்சம். மெட்ராஸ் என்றால் அடிவயிற்றிலிருந்து கத்துவார்கள். தூரத்துக்குத் தக்கபடி குரலையும் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். ஆனால் முதலாளி ஆபீசர் முன்னால் வந்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி, "நான் அதிர்ந்து பேசாதவன் சார்" என்றார். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், "நாங்க வியாபாரத்தப் பாத்தோம் சார், கவனிக்கல" என்கிறார்கள். நாளைக்கு அவரிடம்தானே சரக்கெடுக்கப் போக வேண்டும்.

மூன்றாம் நாள் ஆபீசர் அக்காவைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது. என் ஷிப்ட் முடிகிற நேரம், நான் வாசலோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"இங்க பாருங்கம்மா, குற்றம் நிரூபணமாகல. உங்களுக்கு பெனிபிட் ஆஃப் டவுட் குடுத்து எழுதியிருக்கேன். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கே போர்டுல உக்காரலாம்."

எனக்கு உயிர் வந்தது. அந்த வார்த்தை எங்களுக்குப் புதிதுமில்லை. கோர்ட் இருக்கிற ஊர் அல்லவா. பேப்பரில் தினம் வரும்: சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து நீதிபதி விடுதலை செய்தார் என்று. கோர்ட்டுக்குள் அது நல்ல சட்டம்தான். சரியாகத் தெரியாமல் ஒருவனைப் பிடித்து உள்ளே போடக் கூடாது. ஆனால் அவன் படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அந்த வார்த்தைக்கு அர்த்தம் மாறிவிடும். செய்திருப்பான், மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனோடு டீ குடிப்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை.

"அப்படின்னா நான் கேட்டேனா, கேக்கலியா சார்?"

"அது தெரியலம்மா. தெரியாததாலதான் உங்க பக்கம் சாய்ச்சு எழுதியிருக்கேன்."

"சாய்க்க வேண்டாம் சார். கேட்டேன்னு எழுதுங்க, நான் வீட்டுக்குப் போறேன். கேக்கலன்னு எழுதுங்க, போர்டுக்குப் போறேன். நடுவுல எனக்கு எடம் வேண்டாம்."

ஆபீசர் கெட்டவர் இல்லை. நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். ஏற்க மறுத்தால் மறுபடி விசாரணை வரும், வேறு ஆள் வருவார், அவர் எப்படி எழுதுவார் என்று சொல்ல முடியாது, வேலையே போகலாம், வயசான அப்பா இருக்கிறார் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். அந்த வீட்டில் அக்கா சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், "அக்கா, போட்டுட்டு வாங்க. ஊர் நாலு நாள்ல மறந்துரும்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ என்னைய நம்புதியா?"

"என்னக்கா இப்படிக் கேக்கீக. நம்பாமலா?"

"பின்ன ஏன் கொறச்சலா வாங்கச் சொல்லுத?"

அப்படியே ஆபீசர் பக்கம் திரும்பி அக்கா சொன்னார்: "நான் போர்டுல உக்காந்து வெளிய போயிட்டேன்னு சொன்னா, அந்தப் பக்கம் இருக்கவன் நம்பணும் சார். போயிருப்பான்னு நெனைச்சான்னா நான் அந்த நாற்காலியில உக்காந்து என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இது. ஒண்ணு செய்ங்க. சாயங்காலம் அந்த அண்ணாச்சி மகனுக்குப் பேசுவாரு. இந்த வாரம் தெனமும் பேசுதாரு. நீங்க எதுத்த டீக்கடையில போய் உக்காருங்க. அவரு பேசுறதுல ஒரு எழுத்து உங்களுக்குக் கேக்கலன்னா, நான் ஒட்டுக்கேட்டேன்னே எழுதிக்கிடுங்க. அதுல கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"வெளையாடாதீங்கம்மா."

"வெளையாடல சார்."

ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. சரி, உங்கள் விருப்பம் என்றார். அவர் போனது அக்காவுக்கு உதவ இல்லை. இந்த அம்மாவின் திமிரை அடக்க வேண்டும் என்றுதான் போனார். வழி காட்ட நான் கூடப் போனேன். சாயங்கால பஜார், பூ மார்க்கெட்டுக்கு வந்த வண்டிகள், சைக்கிள் மணி, கோயில் ஸ்பீக்கரில் நாகஸ்வரம். இந்த இரைச்சலில் என்ன கேட்கப்போகிறது? இந்த மனுஷிக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்று எனக்கு அழுகையே வந்தது.

டீக்கடை பெஞ்சில் ஆபீசர் உட்கார்ந்தார். எதிரே மண்டி. முதலாளி உள்ளே கல்லாவில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். டெலிபோன் சுவரோரம் இருந்தது. மணி அடித்தது.

"அலோ. அலோ. மெட்ராஸா? ஏலே, அப்பா பேசுதேம்லே."

டீக்கடையில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவ்வளவு பழகிப்போன சத்தம். ஸ்பீக்கரில் நாகஸ்வரம் அமுங்கிப்போய்விட்டது. ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன், ஆனால் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். மழை இல்லை, உளுந்து வரத்து இல்லை, அம்மாவுக்கு முட்டிவலி என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு இது வந்தது.

"அந்த டெலிபோன்காரிக்கு வேலை போயிரும்லே. விசாரணைக்கு வந்திருக்க ஆபீசர் நம்ம ஆளு. முந்தாநாத்து நம்ம வீட்டுலதான் கறிச்சோறு தின்னாரு. ஆமாலே. வேண்டியதச் செஞ்சாச்சு. நான் சொல்லுததத்தான் எழுதுவாரு."

இப்போது டீக்கடை திரும்பியது. முதலாளியைப் பார்க்க இல்லை, பெஞ்சில் இருந்தவரைப் பார்க்க. எங்கள் ஊரில் வெளியூர் ஆபீசர் மூன்று நாள் இருந்தால் யார், எதற்கு வந்தார், எந்த அறை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பூக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயில் சேலையை வைத்துக்கொண்டார்கள். ஆபீசரின் கிளாஸ் பாதியில் நின்றுவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ரொம்ப மரியாதையாக, "அவரு அப்படித்தான் எதையாவது சொல்லுவாரு சார். நீங்க அப்படியெல்லாம் இருக்க மாட்டீக" என்றார்.

அந்த மரியாதைதான் மனிதரைக் கொன்றுவிட்டது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நடந்தார். வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், அவர் வந்து கூப்பிட்டாராம், போனாராம், சாப்பிட்டாராம், அவ்வளவுதானாம். நான் "சரி சார், சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்கு என்ன தெரியும்?

அக்கா எக்ஸ்சேஞ்சில் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆபீசரைப் பார்த்ததும் எழுந்தார்.

"கேட்டுதா சார்?"

"கேட்டுது." பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். டீக்கடையில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் அவரே அக்காவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "சாப்பிட்டது நெசம்மா. சாப்பிட்டிருக்கக் கூடாது. ஆனா வேற ஒண்ணும் நான் அவர்ட்ட வாங்கல" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்கினதுக்கும் சாட்சி இல்ல, வாங்காததுக்கும் சாட்சி இல்ல. என்ன சார் செய்ய? உங்களுக்கு பெனிபிட் ஆஃப் டவுட் குடுத்துருவோமா?"

போர்டில் இருந்தவர் வயரைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டார். தலை நரைத்த மனிதர். அவருக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள்.

"வேண்டாம்மா" என்றார்.

அவரை நன்றாக வேக விட்ட பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"நீங்க வாங்கல சார்" என்றார். "வாங்குன ஆளா இருந்தா அப்படியே ரயிலேறிப் போயிருப்பீக. இங்கன வந்து எம் மூஞ்சிக்கு நேரா இதைச் சொல்லியிருக்க மாட்டீக. நான் நம்புதேன். இப்ப என்னையப் பத்தி எழுதுங்க."

ஆபீசர் பின்னறைக்குப் போனார். மேஜை மேலிருந்த தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, என்னிடம் வேறு தாள் கேட்டார்.